கேட்டவர்கள் பட்டியல்

டமாஸ்கஸ் நகரத்தில் எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிற்பகலில் யார் யார் வாயைப் பிளந்து தூங்கினார்கள் என்று என்னால் பெயர் சொல்ல முடியும். தகப்பன் பெயர், தாத்தா பெயர், பார்த்த தொழில் உட்பட, மூச்சு விடாமல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரை. நெதர்லாந்தில், லைடன் பல்கலைக்கழகக் கையெழுத்துப் பிரதிகளின் வாசிப்பறையில் முப்பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிச் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. இருந்திருந்தால் கால்வாயில் தள்ளிவிட்டிருப்பேன். நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் ஆய்வாளர் ரூலொஃபும் எதையும் நம்பாத மனிதர்தான். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரன் செடிக்குத் தண்ணி ஊத்துறான்" என்பார்.

பெயர்கள் எனக்குத் தெரிந்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து டமாஸ்கஸில் ஒருவர் நூலை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் எழுத்தர் நூலின் கடைசிப் பக்கத்தில் கேட்டவர்களின் பட்டியலை எழுதுவார். கொல்லர் மகன் யஹ்யா முழுவதும் கேட்டார். காகித வியாபாரி உமர் தாமதமாக வந்தார், நான்காம் தாளிலிருந்து கேட்டார். அவருடைய தம்பி தூங்கிவிட்டார். பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தால் அவர்களையும் வயதோடு எழுதுவார். பட்டியலில் பெயர் இருந்தால்தான் நாளைக்கு அந்த நூலை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்தப் பட்டியல்களைப் படிப்பதற்கு, ரூலொஃபின் குழுவில் இருந்த வீட்ஸ்கே ஒரு கணினி நிரல் எழுதினாள். டமாஸ்கஸ்காரரான நிஸார் பழைய எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பார். நிரல் அதிலிருந்து பெயர், தகப்பன் பெயர், எந்தத் தாளிலிருந்து எந்தத் தாள் வரை என்று பிரித்து அட்டவணை போடும். எங்கள் ஆட்கள் இருநூறு ஆண்டுகள் முக்கி முனகிச் செய்த வேலையை, நான் மூக்குச் சிந்தும் நேரத்தில் அது செய்து முடித்தது.

அது ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. நிரல் ஒரு எண்ணைத் தவறாகக் காட்டியது.

பொறுமையைப் பற்றிய சின்ன நூல் அது, முப்பத்தெட்டே தாள். பட்டியலில் இருபத்திரண்டு பேர் என்று நவம்பரிலேயே வீட்ஸ்கே பென்சிலால் எண்ணிக் குறித்து வைத்திருந்தாள். திரையில் இருபத்து மூன்று. கால்வாயைப் பார்த்த மூன்றாம் மாடி அறையில் ஈரக் கம்பளி கோட்டின் வாடையும், நிஸாரின் ஏலக்காய்க் காபி மணமும், வெப்பக் குழாயின் மேல் தூசி கருகும் நாற்றமும் ஒன்றோடொன்று கலந்து நிற்க, குழாய்க்குள் எங்கோ காற்று மாட்டிக்கொண்டு டொக் டொக்கென்று தட்ட, அவள் அட்டவணையின் கடைசி வரிக்கு இறங்கினாள்.

ஃபென்னா, வீட்ஸ்கேயின் மகள், ஐந்தாம் வயது நடக்கிறது, தொடக்கத்திலிருந்து மூன்றாம் தாள் வரை கேட்டாள்.

வீட்ஸ்கேக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைகளின் பெயரை நிரல் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, நவம்பரில் அவளே எழுத்தரின் பாணியில் ஒரு சோதனை வரி எழுதியிருந்தாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். சோதனைக்குப் பூனையின் பெயர், புருஷன் பெயர் என்று எதையாவது போடுவார்கள். பூனை செத்துவிட்டது. புருஷன் குரோனிங்கனில் இன்னொருத்தியோடு இருந்தான். மிச்சம் இருந்தது ஃபென்னாவின் பெயர்தான். அதை அழிக்க மறந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வரியை அழித்தாள். மறுபடி ஓட்டினாள்.

இருபத்து மூன்று.

பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தாள். 'மூன்றாம் தாள் வரை' என்று அவள் எழுதவே இல்லை. வெறுமனே 'கேட்டாள்' என்றுதான் எழுதியிருந்தாள். தட்டச்சைச் சரிபார்க்க நிஸார் செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு தாள் உரக்க வாசித்து வந்தார். அவள் திரையில் ஒப்பிட்டு வந்தாள். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. மூன்றாம் தாளை இப்போதுதான் முடித்திருந்தார்கள்.

"நிஸார், என் பொண்ணு பேரை உங்க ஃபைல்ல போட்டு விளையாடுறீங்களா?"

"நான் விளையாடினா உனக்குத் தெரிஞ்சிரும் தங்கச்சி. என் ஜோக்குக்கு மொதல்ல நானே சிரிச்சிருவேன்."

"நவம்பர்ல ஒரு சோதனை வரி எழுதினேன். அவ பேரை வச்சு."

நிஸார் கோப்பையைக் கீழே வைத்தார். "வராதவங்க பேரையா எழுதின?"

"சோதனைக்குத்தான்."

"எங்க ஊர்ல அந்தக் காலத்துல இப்படி எழுதினவனைக் கழுதை மேல பின்பக்கமா உக்கார வச்சுச் சந்தை சந்தையா சுத்திக் காட்டுவாங்க. அவன் பேரனுக்குக்கூடப் பொண்ணு கிடைக்காது." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் பட்டியல் பொய் சொல்லக் கூடாது. பேர் இருந்தா ஆள் வந்திருக்கணும். அதுக்குத்தான் அதை எழுதுறதே."

மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தார்கள். படம் எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஒரு நீண்ட எண் போட்டு வைக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண் மாறவில்லை. படத்தின் அடியில், எழுத்தரின் கையில், மற்ற இருபத்திரண்டு பேரைப் போலவே வெளிறிய பழுப்பு மையில், அவள் மகள் இருந்தாள்.

பயம் வந்திருக்கிறது என்று வீட்ஸ்கேக்குத் தெரிந்தது. உடம்பில் எங்கே வந்திருக்கிறது என்று தெரியவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

அன்று மாலை பள்ளி வாசலில் சைக்கிளின் முன்பெட்டியைத் திறந்து ஃபென்னாவை ஏற்றும்போது ஆசிரியை வந்தாள். "வீட்ல ஏதாவது பிரச்சினையா? மூணு நாளா மத்தியானம் சுவரைப் பார்த்து உக்காந்துக்கிறா. கூப்பிட்டாக் காதுல விழல. மொத நாள் பத்து நிமிஷம். இன்னிக்கு அரை மணி நேரம்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு அடிக்கிறதுக்குக் கால் மணி முன்னாடி."

ஒரு தாளை வாசிக்க நிஸாருக்குப் பதினொரு நிமிடம் ஆகும்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வாசிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று வீட்ஸ்கே நினைத்தாள். மூன்று மணிக்கு வாசிப்பறைக்கு வந்தார்கள். கூடவே ரூலொஃப், அவர்களுடைய ஆய்வுக் குழுவின் தலைவர். நான்தான் நூலைக் கொண்டு வந்து, நூல் வைக்கும் மெத்தையில் வைத்தேன். எத்தனையோ பேர் நூலைத் திறந்து முகம் வெளுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். வீட்ஸ்கேயின் முகத்தில் மட்டும் எதுவும் இல்லை. பால் கணக்கு பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

நான்காம் தாள் வரை கேட்டாள்.

கடைசிப் பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. கடுகளவு துளை ஒன்று ஃபென்னாவின் பெயருக்கு நடுவே புகுந்து, அதை ஒட்டிய வெற்றுத் தாளிலும் அதற்கடுத்த அட்டையிலும் அதே இடத்தில் வெளியேறியிருந்தது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். துளையின் விளிம்பில் மை கசியவில்லை. பெயர் இருந்த பிறகுதான் பூச்சி வந்திருக்கிறது. அந்தப் பூச்சி செத்து நானூறு ஆண்டாவது இருக்கும்.

"எப்பவும் இருந்த பேர்தான். நவம்பர்ல நீ எண்ணினது தப்பு" என்றார் ரூலொஃப்.

"டமாஸ்கஸ்ல வீட்ஸ்கேன்னு ஒருத்தியா?"

"சிலுவைப் போர் நடந்த காலம். நம்ம நாட்டு ஃப்ரீஸ்லாந்துல இருந்து கப்பல் கப்பலாப் போனாங்க. உன் பாட்டிக்குப் பாட்டி எவளாவது அங்க குடித்தனம் பண்ணியிருப்பா."

"நேத்து மூணாம் தாள்னு இருந்துது. இப்ப நாலு."

"நேத்து நீ தப்பாப் பார்த்த. புரோகிராம்ல பேய் கிடையாது வீட்ஸ்கே. பக்னு சொல்ற பிழைதான் உண்டு. வீட்டுக்குப் போயித் தூங்கு."

சனிக்கிழமை மத்தியானம் ஃபென்னா ரொட்டியில் சாக்லேட் துகளைத் தூவித் தின்றுகொண்டிருந்தவள், பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு இறங்கி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றே முக்கால். அவள் வீட்டில் அப்படி உட்காருவது வழக்கமே இல்லை. முழங்காலை மடக்கி, பாதங்களை வெளியே தள்ளித்தான் உட்காருவாள். வீட்ஸ்கே பின்னால் போய் மண்டியிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தொட்டு, கடைசியில் முடியை முகர்ந்து பார்த்தாள். ஆப்பிள் ஷாம்பு மணம் இல்லை. எண்ணெய் விளக்கின் புகையும், நனைந்த மண்சுவரும், பல பேர் நெருங்கி உட்கார்ந்த அறையின் வெக்கையும் அடித்தன. ஒரு சத்தமும் இல்லை. பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை, யாரோ தாளைப் புரட்டுவதைப் பார்ப்பவள் போல, குழந்தையின் தலை வலமிருந்து இடமாக லேசாகத் திரும்பியது.

ஐந்து முறை. ஐம்பத்தைந்து நிமிடம்.

பிறகு எழுந்து ஜூஸ் கேட்டாள்.

"எங்கடா போயிருந்த?"

"எங்கயும் போகலையே. கேட்டுட்டு இருந்தேன்."

"யார் சொல்றதை?"

"வாசிக்கிறாருல்ல, அவரை." உறிஞ்சுகுழலைக் கடித்தாள். "எனக்குப் பக்கத்துல இருக்கிறவரு தூங்கிட்டாரு. சிரிக்கக் கூடாதாம்."

ஞாயிறு ஆறு. திங்கள் ஏழு. வீட்ஸ்கே கணக்குப் போட்டாள். முப்பத்தெட்டு தாள் என்றால் ஏழு மணி நேரம். அதன் பிறகு அங்கே வாசிப்பவர்கள் அடுத்த நூலை எடுப்பார்கள். அந்தக் காலத்து டமாஸ்கஸ் நூலகத்தில் எத்தனை நூல்கள் இருந்தன என்று அவளுடைய நிரலிலேயே இருந்தது. அந்த எண்ணை அவள் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேசையில் ஒரு சின்னக் கத்தியைக் கொண்டு வந்து வைத்தாள்.

"எழுத்தர் தப்பா எழுதினா கத்தியால சுரண்டுவார்னு நீங்கதானே சொன்னீங்க?"

நிஸார் கத்தியை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "சுரண்டினா அவ இல்லைன்னு ஆயிரும். எங்க இல்லைன்னு ஆகும்? அங்கயா, இங்கயா? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

"அப்போ என்ன செய்றது?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார். "பொய்யை மெய்யாக்கணும். நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. இங்க, நிஜமா உக்காரட்டும். நான் மொதல்ல இருந்து ஒன்பதாம் தாள் வரைக்கும் வாசிக்கிறேன். அவ கேட்கட்டும். முடிஞ்சதும் நான் ஒரு வெள்ளைத் தாள்ல கையால ஒரு வரி எழுதுறேன்: ஒன்பதாம் தாள் வரை கேட்டாள், தாயோடு வீட்டுக்குப் போனாள். போனான்னு எழுதிட்டா, போயிருக்கணும். அவங்க முறைப்படியே அவளை வெளிய கூட்டிட்டு வர்றோம்."

"அவங்க முறைப்படின்னா சாட்சி வேணுமே."

"நம்புற ஆள் சாட்சிக்கு லாயக்கில்ல. ரூலொஃபைக் கூப்பிடு."

ரூலொஃப் வாய்விட்டுச் சிரித்தார். "நானா? நல்ல காபி குடுத்தா எதுக்கு வேணும்னாலும் சாட்சி சொல்றேன். ஆனா பார்த்ததைத்தான் சொல்லுவேன். ஒரு குழந்தை போரடிச்சு உக்காந்திருந்துதுன்னு."

புதன்கிழமை பள்ளி அரை நாள்தான். ஃபென்னா பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். செங்குத்தான படிக்கட்டில் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே தூறல். கால்வாயும் வானமும் ஒரே சாம்பல். ஒன்றே முக்காலுக்கு நீலத் தரைவிரிப்பின் நடுவே போய்ச் சம்மணம் போட்டாள். யாரும் சொல்லவில்லை. நிஸார் நாற்காலியைத் தவிர்த்துத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். ரூலொஃப் வீட்ஸ்கேயின் மேசையில் சாய்ந்து காபி குடித்தார்.

ஒன்று. இரண்டு. குழாய் டொக்கென்று தட்டியது. மூன்று. நிஸாரின் குரல் தடித்துக்கொண்டே போனது. அறையில் வெக்கை கூடியது. எண்ணெய்ப் புகை. நனைந்த மண். வீட்ஸ்கே ரூலொஃபைப் பார்த்தாள். அவர் மூக்கைச் சுளித்து வெப்பக் குழாயைப் பார்த்தார்.

ஆறு. ஏழு. அவள் கைகளைக் கோத்திருந்தாள். எது எந்தக் கை என்று தெரியவில்லை.

ஒன்பது.

நிஸார் நிறுத்தினார். பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். ஒன்பதாம் தாள் வரை கேட்டாள். தாயோடு வீட்டுக்குப் போனாள். தாளைத் திருப்பி வீட்ஸ்கேக்குக் காட்டினார். மை ஈரமாக மின்னியது.

"இப்ப கையைப் பிடி. எழுப்பு. கூட்டிட்டுப் போ."

வீட்ஸ்கே குனிந்தாள். "வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

ஃபென்னா நிஸாரைப் பார்க்கவில்லை. நிஸாருக்குப் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஸாரின் வாய் மூடியிருந்தது. குழந்தையின் தலை வலமிருந்து இடமாகத் திரும்பியது.

பத்து.

வீட்ஸ்கே கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. சூடாக இருந்தது. குழந்தை வரவில்லை. வேரோடியது போல இருந்தாள்.

"பிடிவாதம்" என்றார் ரூலொஃப். "என் தங்கச்சி பையன் இதைவிட மோசம்."

ஃபென்னா நகர்ந்தாள்.

ஒரு சாண் தூரம், இடப் பக்கமாக. உட்கார்ந்தபடியே. பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு ஒதுங்குவது போல.

அவள் இருந்த இடத்தில் தரைவிரிப்பு அமுங்கியது.

அமுங்கியே இருந்தது.

இன்னொரு சாண். இன்னொரு பள்ளம். நீல இழைகள் படுத்துக்கொண்டன. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று. நிஸார் எழுந்து கதவோடு ஒட்டி நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

"தரை சரியில்ல" என்றார் ரூலொஃப். "பழைய கட்டடம். பலகை இறங்குது." கோப்பையை வைத்துவிட்டு வீட்ஸ்கேயின் கணினிப் பக்கம் திரும்பினார். "இரு. உன் புரோகிராமை நானே ஓட்டிக் காட்டுறேன். இருபத்து மூணுதான் வரும்."

ஓட்டினார்.

மறுபடி ஓட்டினார்.

"நாப்பத்தி ஒண்ணு" என்றார். மறுபடி. "நாப்பத்தெட்டு."

ஃபென்னா நகர்ந்தாள். நகர்ந்தாள். தோள் சுவரில் இடித்தது. அந்தப் பக்கம் இனி இடம் இல்லை. விரிப்பில் வெற்றிடம் ஒரு கையகலம்கூட இல்லை. வரிசை வரிசையாகப் பள்ளங்கள், ஜன்னலடி வரை. அவளுக்கு முன்னால் இருந்த கடைசிக் கையகலமும் மெல்ல அமுங்கத் தொடங்கியது.

வீட்ஸ்கே மகளின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். விடவில்லை. அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை.

குழந்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, யாரோ காதில் ஏதோ சொன்னது போலத் தலையாட்டினாள்.

எழும்பினாள்.

கால்களை ஊன்றவில்லை. கைகளை ஊன்றவில்லை. அக்குளுக்குக் கீழே பச்சை ஸ்வெட்டர் இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கியது. தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அவள் மறுபடி உட்கார்ந்தாள். முதுகு எதன் மேலோ வாகாகச் சாய்ந்தது. கால்கள் தொங்கின. ஒரு ஷூ கழன்று விழுந்தது. நெற்றியில் கிடந்த முடி தானாக ஒதுங்கிக் காதுக்குப் பின்னால் போனது.

தலை வலமிருந்து இடமாகத் திரும்பியது.

"ரூலொஃப்" என்றார் நிஸார் கதவருகிலிருந்து. "நீதான் சாட்சி. சொல்லு. நடந்துதா, இல்லையா?"

ரூலொஃபின் விரல் விசையின் மேலேயே இருந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை.

"நடந்துது" என்றார். "என் கண்ணால பார்த்தேன். யாரோ அவளைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க."